‘இயந்திரக் கோளாறு’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் சென்னைப் பக்கத்தில், கீழ் மூலையில், ஐந்து வரியில் ஒரு செய்தி வந்திருந்தது. முகத்துவாரத்தைத் தாண்டும்போது ஒரு படகின் எஞ்சின் நின்றுபோனது, அலை படகைப் புரட்டிப் போட்டது, அதில் இருந்தவர்கள் நீந்திக் கரையேறினார்கள் என்று. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். ஆனால் காரணம் என்று நீங்கள் போட்டிருந்தது இரண்டே வார்த்தை: ‘இயந்திரக் கோளாறு’. எனக்கு அது, செத்தவரைப் பற்றி ‘உடம்பு சரியில்லாமல் இறந்தார்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

நான் காசிமேட்டில் 41 வருடமாகப் படகு எஞ்சின் பார்க்கிறவன். அப்பா கட்டுமரத்தில் போனவர். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி. அதனால் கரையில் ஸ்பேனர் பிடித்தேன். கிருஷ்ணாயிலில் ஓடும் 8 குதிரைசக்தி எஞ்சின் முதல், பணக்காரர்கள் ஆசைக்கு வாங்கி வைத்திருக்கும் 200 குதிரைசக்தி வி6 வரை என் கையில் வந்து போயிருக்கின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் ஐந்து வரிச் செய்திக்குள்ளேயே துப்பு இருக்கிறது. அந்தப் படகு நடுக்கடலில் நிற்கவில்லை. முழு வேகத்தில் போகும்போதும் நின்றிருக்காது. அலை பார்த்து நிதானிக்க வேகத்தைக் குறைத்திருப்பார்கள், அங்கேதான் நின்றிருக்கும்.

முகத்துவாரத்தில் படகோட்டி என்ன செய்வார்? எஞ்சினை ஸ்லோவில், அதாவது முறுக்காமல் மெல்ல ஓடும் அடிவேகத்தில் வைத்து, பெரிய அலைகள் வரிசையாக வந்து போகிறவரை மூக்கை நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். கடல் கொஞ்சம் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து முறுக்குவார். ஸ்லோவில் எஞ்சின் உயிரோடு இருந்தால்தான் முறுக்க முடியும். செத்துப் போனால், கயிறு இழுத்து மறுபடி கிளப்புவதற்குள் படகு குறுக்கே திரும்பிவிடும். குறுக்கே திரும்பிய படகை அலை சும்மா விடாது.

எங்கள் பட்டறையில் இந்த வியாதிக்கு ‘ஸ்லோ நிக்கல’ என்று பெயர், ஸ்லோவில் அணையாமல் நிலைக்கவில்லை என்று அர்த்தம். படகு வாங்குகிறவர்கள் எத்தனை குதிரைசக்தி, எத்தனை வேகம் என்றுதான் கேட்கிறார்கள். ஸ்லோவில் எவ்வளவு நேரம் அணையாமல் நிற்கும் என்று கேட்டு ஒருவரும் எஞ்சின் வாங்கி நான் பார்த்ததில்லை.

2015 வெள்ளத்தில் இதை நானே அனுபவித்தேன். டிசம்பர் 2-ஆம் தேதி எங்கள் பக்கத்துப் பையன்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு அடையாறு ஓரம் போனார்கள். எஞ்சின் நின்றால் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். கோட்டூர்புரம் பக்கம் ஒரு தெரு. தண்ணீருக்கு அடியில் கார், மதில் சுவர், இரும்பு கேட்டின் ஈட்டி முனைகள் எல்லாம் இருக்கின்றன. எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வேகமாக எப்படிப் போவது? விடியற்காலை முதல் மதியம் வரை ஸ்லோவிலேயே ஊர்ந்தோம். 9.9 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக், பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் எஞ்சின். மூன்று தடவை நின்றது. மூன்றாவது தடவை நின்றபோது, ஒரு பாட்டி ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தார். படகோ தெருமுனையில் இழுப்பு இருந்த பக்கமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நெருப்புப் பொறி தரும் பிளக்கைக் கழற்றினேன். கறுப்பாக, எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தது. சட்டைப்பையில் இருந்த வேறு பிளக்கை மாட்டி இழுத்தேன், பிடித்துக்கொண்டது. பாட்டி, “பழைய வண்டியா நைனா?” என்று கேட்டார். வண்டி புதிசுதான். ஆயில் கலந்தவன்தான் சாமிக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல் ஊற்றியிருந்தான்.

அந்த எஞ்சினுக்கு 50-க்கு 1 என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி. நம் ஆட்கள் ‘கொஞ்சம் கூட இருந்தா எஞ்சினுக்கு நல்லதுதானே’ என்று அரை லிட்டர் ஊற்றுவார்கள். முழு வேகத்தில் அது எரிந்து போய்விடும். ஸ்லோவில் எரியாமல் பிளக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஸ்கூட்டருக்கு ஊற்றும் ஆயிலையே ஊற்றுகிறவர்களும் உண்டு. தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கென்று டப்பாவில் ‘டிசி-டபிள்யூ3’ என்று போட்ட ஆயில் தனியாக விற்கிறார்கள், அதைத்தான் ஊற்ற வேண்டும். மணிக்கணக்கில் ஸ்லோவில் ஓட்ட வேண்டி வந்தால், இடம் கிடைத்த இடத்தில் அவ்வப்போது ஒரு நிமிடம் முறுக்கி ஓட்டிவிட்டு வர வேண்டும், பிளக் தன்னைத் தானே சுட்டுச் சுத்தம் செய்துகொள்ளும். 2023-இல் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பையன்கள் கிளம்பியபோது ஆளுக்கு இரண்டு பிளக், ஒரு பிளக் ஸ்பேனர் கொடுத்து அனுப்பினேன். எத்தனை உபயோகமானது என்று தெரியாது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

சரி, இப்போது எனக்குக் கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லோ நிற்காத எஞ்சினுக்கு ஊர் முழுக்க ஒரே வைத்தியம்தான்: ஸ்லோ ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றிவிடுவது. நிமிடத்துக்கு 700 சுற்றில் அணைந்துபோவது 1,500-இல் அணையாமல் நிற்கும். படகுக்காரர் சந்தோஷமாகப் போய்விடுவார். வியாதி அப்படியே இருக்கும், இருமல் மட்டும் நின்றிருக்கும். 1,500-இல் கியர் போட்டால் ‘மடார்’ என்று விழும். கியருக்குள், சுற்றிக்கொண்டிருக்கும் பல்சக்கரத்தை ‘டாக் கிளட்ச்’ என்கிற பல் வைத்த துண்டு கவ்வுகிறது. அந்த வேகத்தில் கவ்வினால் பல்லின் முனை உடைந்து உடைந்து, கடைசியில் முழு வேகத்தில் கியர் வழுக்கும். அதைவிட மோசம், கரையில் ஒரு காலும் படகில் ஒரு காலுமாக ஒருவர் ஏறிக்கொண்டிருக்கும்போது படகு குதித்து முன்னே போவது. அப்படி விழுந்தவர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போயிருக்கிறேன்.

இனி அந்த 200 குதிரைசக்திக் கதை. ஈசிஆரில் வீடு உள்ள ஒரு ஐயா, வெளிநாட்டிலிருந்து பழைய ஸ்பீடு போட் ஒன்றை வரவழைத்திருந்தார். பின்னால் வி6 டூ ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டர் மூன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு வாய். முறுக்கினால் பறக்கும். கரைக்குத் திரும்பி வேகத்தைக் குறைத்தால் இருமும், தும்மும், கியர் போட்டதும் செத்துவிடும். ஏற்கெனவே மூன்று பேரிடம் காட்டிவிட்டு, டிரெய்லரில் இழுத்துக்கொண்டு காசிமேடு வந்தார்.

“கார் மாதிரி சத்தமில்லாம நிக்கணும் மெக்கானிக், அவ்வளவுதான்” என்றார்.

“அது நிக்காது சார். ஆனா சாகாம நிக்கும்” என்றேன்.

முதல் வேலையாக, மற்றவர்கள் செய்து வைத்ததை அவிழ்த்தேன். ஸ்லோ ஸ்க்ரூ ஏறக்குறைய உச்சியில் இருந்தது. பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் சின்ன ஸ்க்ரூ ஆறு உண்டு. மெல்ல உள்ளே முட்டுகிறவரை திருகி, அங்கிருந்து எத்தனை சுற்று வெளியே இருந்தது என்று எண்ணினேன். ஒன்று அரைச் சுற்று, ஒன்று மூன்று சுற்று, மற்றவை இரண்டுக்கும் நடுவில் கண்டபடி. மூன்று பேரின் கையெழுத்தும் தெரிந்தது. எல்லாவற்றையும் புத்தகத்தில் சொல்லியிருக்கும் ஒன்றேகால் சுற்றில் வைத்தேன். எஞ்சின் முன்னைவிட மோசமாக ஓடியது. அது நல்ல அறிகுறி, இப்போதுதான் உண்மையான நோய் வெளியே வந்திருக்கிறது.

அப்புறம் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம் பார்த்தேன். ஆறு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இருந்தன. இதை முதலில் பார்த்துவிட வேண்டும். பிஸ்டன் ரிங் போன எஞ்சினுக்கு கார்ப்பரேட்டர் கழுவுவது, பல் இல்லாதவருக்கு முறுக்கு வாங்கிக் கொடுப்பது மாதிரி. அடுத்தது நெருப்பு. பிளக்கை வெளியே பிடித்துப் பார்த்தால் போதாது. வெறும் காற்றில் எந்தப் பிளக்கும் பளிச்சென்று அடிக்கும். நெருப்பு தரும் காயில் நல்லதாக இருந்தால், 11 மில்லிமீட்டர் வாக்கில் இடைவெளி வைத்தாலும் பொறி தாண்டிக் குதிக்க வேண்டும். ஆறும் குதித்தன. கடைசியாக, ஸ்லோவில் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டராக நெருப்பை நிறுத்திப் பார்த்தேன் (வெறும் கையால் செய்யாதீர்கள், தூக்கி எறியும்). உயிருள்ள சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சின் வேகம் விழுந்து தொங்கும். இரண்டாவதை நிறுத்தியபோது எந்த மாற்றமும் இல்லை. ஆக, அது ஸ்லோவில் செத்துக் கிடக்கிறது. மற்ற ஐந்தும் அதைப் பிணம் மாதிரி சுமக்கின்றன.

அந்தப் பிளக்கைக் கழற்றினேன், ஈரம். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அந்த சிலிண்டரின் கலவையைக் குறைத்தேன், தும்மல் கூடியது. மூன்று கார்ப்பரேட்டரையும் இறக்கிக் கழுவி, ஜெட் என்கிற பெட்ரோல் துளைகளை எல்லாம் ஊதி, மிதவை மட்டம் பார்த்து மாட்டினேன். ஒரு முழு சாயங்காலம் வீண். 41 வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு அந்த மூன்று பேரில் நாலாவதாக ஆனேன்.

மறுநாள் காலை, கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் நிரப்பி, ஓடுகிற எஞ்சினில் மூட்டு மூட்டாக அடித்துப் பார்த்தேன். (சிலர் இதற்குப் பெட்ரோலையே அடிப்பார்கள். பட்டறை எரியாமல் இருப்பது அவர்கள் ஜாதக விசேஷம்.) கேஸ்கெட் ஓரம் ஒன்றும் இல்லை. கீழே, கை நுழையாத இடத்தில் ஒரு சின்ன ரப்பர் டியூப். அதன் மேல் தண்ணீர் பட்டதும் எஞ்சினின் குரல் மாறியது. டார்ச் அடித்துப் பார்த்தால், டியூப் முனையில் முடி அளவு வெடிப்பு.

அந்த டியூப் எதற்கு என்று சொன்னால்தான் விஷயம் புரியும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குப் போய், அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறும். வேகமாக ஓடும்போது பெட்ரோல் புகை மாதிரி காற்றோடு போய்விடும். ஸ்லோவில் காற்றுக்கு அந்த இழுப்பு இல்லை. பெட்ரோல் பனி மாதிரி கீழே இறங்கித் தேங்கும். தேங்கினதை உறிஞ்சி வேறு சிலிண்டருக்குக் கொடுக்கத்தான் அந்தச் சின்ன டியூப்கள். வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே போனதில் இரண்டாவது சிலிண்டரின் கலவை நீர்த்துவிட்டது. நீர்த்த கலவை பற்றவில்லை. பற்றாத பெட்ரோல்தான் பிளக்கை நனைத்தது. ஈரமாக இருந்ததால் பெட்ரோல் அதிகம் என்று நினைத்தேன். எரியாததால் வந்த ஈரம் அது. முழு வேகத்தில் எஞ்சின் குடிக்கும் காற்றுக்கு முன்னால் முடி அளவு வெடிப்பு ஒரு பொருட்டே இல்லை, அதனால்தான் முறுக்கினால் பறந்தது.

இரண்டு அடி டியூப் வாங்கி, அந்த ஒன்றை மட்டுமல்லாமல் எல்லா டியூபையும் மாற்றினேன். ஒன்று காய்ந்து வெடித்தால் மற்றதும் அதே வயசுதானே. தண்ணீரில் இறக்கி, கியர் போட்டு, கால் மணி நேரம் ஸ்லோவில் விட்டேன். 700 சுற்றில் அணையாமல் நின்றது. ஐயா நம்பவில்லை. “கார்ப்பரேட்டர் மூணையும் புதுசா மாத்தணும்னு சொன்னாங்களே” என்றார். பழைய டியூபை அவர் கையில் கொடுத்து மடக்கச் சொன்னேன், உடைந்தது.

‘தண்ணீரில் இறக்கி, கியர் போட்டு’ என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கரையில் எஞ்சினின் காலில் தண்ணீர்க் குழாயைப் பொருத்தி ஓட்டிக் காட்டி, ‘பாருங்க, எப்படி நிக்குது’ என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கரையில் புகை வெளியே போகத் தடை இல்லை, படகைத் தள்ளும் காற்றாடிக்குச் சுமை இல்லை. எந்த எஞ்சினும் அணையாமல் நிற்கும். தண்ணீரில் இறங்கினால் புகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேற வேண்டும். கியர் போட்டதும் காற்றாடி தண்ணீரைத் தள்ள வேண்டும். அப்போது நூறு, நூற்றைம்பது சுற்று விழும். அந்த விழுதலைத் தாங்குகிறதா என்பதுதான் சோதனை. வேகத்துக்கு ஆசைப்பட்டு அதிக பிட்ச் உள்ள காற்றாடி மாட்டியிருந்தால் இன்னும் விழும். என் பட்டறையில் ஐஸ் பெட்டியை அறுத்துச் செய்த ஒரு தொட்டி வைத்திருக்கிறேன், பார்க்க அசிங்கமாக இருக்கும். சின்ன எஞ்சின் எதுவும் அதில் கால் நனைக்காமல் என்னிடமிருந்து வெளியே போகாது.

பெட்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நல்லதா கெட்டதா என்கிற சண்டைக்குள் நான் வரவில்லை. ஆனால் படகுக்காரருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஜெட் பழைய அளவிலேயே இருந்தால், கலவையில் காற்று மிஞ்சும். கம்ப்யூட்டரும், புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரும் உள்ள புது எஞ்சின் தானே சரிசெய்துகொள்ளும். கார்ப்பரேட்டர் எஞ்சின் ஸ்லோவில் தும்மும். இரண்டாவது, எத்தனால் தண்ணீரை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் தண்ணீருக்கா பஞ்சம்? ஓர் அளவு வரை பெட்ரோலோடு கலந்து இருக்கும்; அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் போய் உட்காரும். எஞ்சின் உறிஞ்சும் குழாய் முனையும் அடியில்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கின்றன. அவை டீசல், இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மழைக்காலம் முழுக்க மூடி வைத்த ஸ்பீடு போட்டை ஜனவரியில் எடுக்கிறவர்கள் எல்லாரும் ‘நல்லாத்தான நிறுத்தினேன்’ என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். நடுவில் ஒரு கோடு தெரிந்தால் அந்தப் பெட்ரோலைப் படகில் ஊற்றாதீர்கள்.

கை பல்ப் என்று ஒன்று உண்டு, டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் உருண்டை. அதுதான் எங்களுக்கு நாடி. எஞ்சின் தொங்கும்போது அதை அமுக்கிக்கொண்டே இருங்கள். அமுக்கினால் எஞ்சின் பிழைத்துக்கொண்டால், பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை: பம்ப் டயாஃப்ரம் போயிருக்கும், அல்லது வழியில் எங்கோ காற்று இழுக்கிறது. உருண்டை சப்பையாகிக் கிடந்தால் டேங்க்குக்கும் உருண்டைக்கும் நடுவில் அடைப்பு, பத்துக்கு ஐந்து தடவை டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பார்கள். ஒரு கல்யாண ஜோடியைப் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போன படகு இப்படி நின்று, இரண்டு மணி நேரம் வெயிலில் மிதந்திருக்கிறது. கட்டி இழுத்துக்கொண்டு வந்தபிறகு நான் செய்த ரிப்பேர், அந்தத் திருகை அரைச் சுற்றுத் திறந்ததுதான்.

இன்னொன்று, சுருக்கமாக. ஓட்டுகிறவர் கையிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிறு இருக்கிறதே, ஆள் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கயிறு, அதன் சுவிட்சில் உப்புக் காற்றால் பச்சைக் களிம்பு ஏறினாலும் எஞ்சின் திடீர் திடீரென்று நிற்கும். சோதனைக்காக அந்த ஒயரைக் கழற்றிப் பார்ப்பது சரி. கழற்றியபடியே படகைக் கொடுத்து அனுப்புகிறார்கள் பாருங்கள், அவர்களை என்ன சொல்வது. ஓட்டி தண்ணீரில் விழுந்து, ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே திரும்பி வரும். சுவிட்சை மாற்றுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

பெரிய எஞ்சின்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. படகுக்குள்ளேயே வி8 எஞ்சின் வைத்த ஒருவர், அதற்கு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைப் பந்தய ரகத்தில் போட்டு வாங்கிவிட்டு, ஸ்லோவில் ஆடுகிறது என்று குறைப்பட்டார். அந்தக் கேமில் உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் ஒரே நேரத்தில் கொஞ்சம் அதிகமாகத் திறந்திருக்கும். அதிவேகத்தில் அது வரம். ஸ்லோவில் புகை திரும்பி உள்ளே வரும், இழுப்பு குறையும், எஞ்சின் ஆடும். அது நோயல்ல, பிறவிக் குணம். அதற்கு ஸ்லோவை ஆயிரம் சுற்று வாக்கில் வைத்துத்தான் ஆக வேண்டும். புகைக்குழாய் வழியாகத் தண்ணீரையே உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு என்பதால், அப்படிப்பட்ட எஞ்சினை மணிக்கணக்கில் ஸ்லோவில் விடக்கூடாது. மீன் பிடிக்கப் போகவா பந்தயத்துக்குப் போகவா என்று வாங்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும்.

பந்தயம் என்றதும் நினைவு வருகிறது. 2018 நவம்பரில் விஜயவாடாவில், கிருஷ்ணா நதியில், ஃபார்முலா 1 படகுப் பந்தயம் நடந்தது. பினாகினி எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்ப் பார்த்தேன். 2.5 லிட்டர் வி6 டூ ஸ்ட்ரோக், பத்தாயிரம் சுற்றுக்கு மேல் கத்தும். மற்றவர்கள் வேகத்தைப் பார்த்தார்கள், நான் ஆரம்பத்தைப் பார்த்தேன். மிதக்கும் மேடையில் வரிசையாக, எஞ்சின் அணைந்த நிலையில் படகுகள். சிவப்பு விளக்கு அணைந்ததும் கிளப்பிக்கொண்டு போக வேண்டும். கிளம்பாதவனுக்குப் பந்தயமே இல்லை. நம் முகத்துவாரத்திலும் அதே கதைதான், பரிசு மட்டும் வேறு.

கம்ப்யூட்டர் வைத்த புது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களை என்னிடம் வேலை கற்ற பையன் ஒருவன் லேப்டாப்பை மாட்டிப் பார்க்கிறான். அவன் சொல்வது: ஸ்லோவுக்குக் காற்று விடும் சின்ன வால்வில் கரி பிடிப்பது, பெட்ரோலின் ஆவியைப் பிரிக்கும் தொட்டியின் வடிகட்டி அடைத்துக்கொள்வது, இரண்டும்தான் அதிகம் வருகிறது. கத்திரி வெயிலில் நன்றாக ஓட்டிவிட்டு அணைத்து, பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் தடுமாறி நிற்பது, சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாவதால். மூடியைத் திறந்து ஆறவிட்டால் சரியாகும். லேப்டாப் எல்லாம் சொல்லிவிடும் என்று நினைக்கிற படகுக்காரர்கள் முன்னால் அவன் முதலில் கை பல்பைத்தான் அமுக்குகிறான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இவ்வளவும் எழுதியது உங்களிடம் ஒன்று கேட்கத்தான். அடுத்த தடவை உங்கள் நிருபர் இப்படி ஒரு செய்திக்குப் போகும்போது, படகில் இருந்தவர்களிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எஞ்சின் எந்த வேகத்தில் இருந்தபோது நின்றது? சுவிட்ச் போட்ட மாதிரி பட்டென்று நின்றதா, தொங்கித் தொங்கி, இருமி நின்றதா? மறுபடி கிளம்பியதா, கிளம்பியது என்றால் எவ்வளவு நேரம் கழித்து? பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும்: ஒயர், சுவிட்ச், காயில். தொங்கி நின்றால் பெட்ரோல் பக்கம். ஆறிய பிறகுதான் கிளம்பியது என்றால் சூடானதும் படுத்துவிடும் காயிலோ, ஆவியான பெட்ரோலோ. பதிலை அப்படியே அச்சில் போடுங்கள். நாலு படகுக்காரர் டீக்கடையில் படித்துவிட்டு ‘நம்மளுதும் அப்படித்தான இருமுது’ என்று அன்றைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள்.

உல்லாசப் படகு விடுகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்: காலையில் முதல் ஆளை ஏற்றுவதற்கு முன், படகைக் கட்டியபடியே கியர் போட்டு ஐந்து நிமிடம் ஸ்லோவில் விட்டுப் பாருங்கள். நின்றுபோனால் அன்றைக்கு அந்தப் படகு போக வேண்டாம். ஸ்க்ரூவைத் தொடவும் வேண்டாம்.

கடிதம் நீண்டுவிட்டது. தட்டச்சு செய்து கொடுத்த பேத்தி, ‘தாத்தா, இத யாரும் முழுசாப் போட மாட்டாங்க’ என்கிறாள். வெட்டுவதென்றால் விஜயவாடாவையும் வி8-காரரையும் வெட்டிக்கொள்ளுங்கள், மூன்று கேள்விகளை மட்டும் வெட்டாதீர்கள். அப்புறம், செய்தியில் வந்த அந்தப் படகை எந்தக் கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் நிருபருக்குத் தெரிந்தால் சொல்லச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சினை உடனே கழுவி ஆயில் விட்டு ஓட்டாவிட்டால் உள்ளே துருப்பிடித்து இறுகிவிடும்; ஒரு வாரம் ஆகிவிட்டது, இனியும் தாமதிக்கக் கூடாது. காசு வேண்டாம், அந்தக் கை பல்பை ஒரு தடவை நான் அமுக்கிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் ஓய்வு பெறாத படகு மெக்கானிக்,
காசிமேடு, சென்னை - 600 013.